காப்புரிமை வேண்டாக் கம்மியர்

ஒரு பொருளைப் புதிதாகச் சமைத்த ஒருவர், அதன் படத்தையும் அளவையும் உறுப்புக்களின் பட்டியையும் அவற்றைப் பூட்டும் முறையையும் ஒளியாது வெளியிட்டு, விரும்பினோர் எவரும் அதனைச் செய்துகொள்ளவும் திருத்திக்கொள்ளவும் விற்கவும் இடங்கொடுத்துவிடும் வழக்கம் இக்காலத்துப் பெரிதும் பேசப்படுகின்றது. இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில் 2005-ஆம் ஆண்டு தோன்றிய ஆர்டுவினோ என்னும் மின்னணுப் பலகையும், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் என்பார் அவ்வாண்டிலேயே தொடங்கிய ரெப்ராப் என்னும் முப்பரிமாண அச்சுப்பொறியும் இவ்வழியில் வந்தவையாம். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரிடமிருந்து கைத்தொழிலாளரிடம் இறங்கிவந்த புதுமை இஃதெனப் பலர் கருதுகின்றனர். அக்கருத்து முழுதும் சரியன்று. கணிப்பொறியைக் கனவிலும் கண்டிராத காலத்தில், குளிரால் வருந்திய ஒரு நகரத்தில், இரும்படுப்பு ஒன்றை முன்னிட்டு இதனையே செய்து காட்டினார் ஓர் அச்சுத் தொழிலாளர். அவரே பெஞ்சமின் பிராங்க்ளின்.

பிராங்க்ளினை அறியாதார் நம்மிடையே இலர். பட்டம் விட்டு மின்னலைப் பிடித்தவர் என்றும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விடுதலைப் பத்திரத்திற் கையொப்பமிட்டவர் என்றும், பிரெஞ்சு அரசவையிற் றூது சென்றவர் என்றும் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிடுகின்றோம். அவ்வரசியற் பெருமைகளை யெல்லாம் வரலாற்று நூலாசிரியர்க்கு விட்டுவிட்டு, கையிற் கருவியேந்திய பிராங்க்ளினை மட்டும் ஈண்டு நாம் காணப் புகுகின்றோம்.

அவர் 1706-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 17-ஆம் நாள் பாஸ்டன் நகரிற் பிறந்தார். தந்தையார் ஜோசையா என்பார் மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்பவர். பதினேழு மக்களைப் பெற்ற அத்தந்தையார்க்கு இவர் பதினைந்தாம் மகவு, ஆண்மக்களுள் இளையவர். பள்ளிப்படிப்பு இரண்டாண்டோடு முடிந்தது. திரியறுத்தலும் கொழுப்புருக்கலும் சிறுவர்க்குப் பிடிக்கவில்லை. மகன் மனம் எதிற் படியும் என்றறிய விரும்பிய தந்தையார், அவரை அழைத்துக்கொண்டு தச்சர், கொத்தர், கடைசற்காரர், பித்தளை வேலை செய்வோர் முதலிய பலருடைய தொழிற்களங்களுக்குஞ் சென்று காட்டினார். கைத்தொழில் வல்லுநர் தம் கருவிகளைக் கையாளும் அழகைக் கண்டு மகிழும் பழக்கம் அன்று தொட்டு அவர்க்கு வாய்த்தது. வீட்டிற் சிறு பழுதுகளைத் தாமே செப்பனிடவும், ஒரு சோதனை மனத்திலெழுந்த அக்கணமே அதற்குரிய பொறியைத் தாமே செய்துகொள்ளவும் அப்பழக்கம் பிற்காலத்தில் உதவிற்று. தந்தையார் வேறொன்றுஞ் செய்திலராயினும் இவ்வொன்றிற்காகவே அவரை நாம் போற்றலாம்.

பன்னிரண்டாம் வயதில் தமையனார் ஜேம்ஸினிடம் அச்சுத்தொழில் பயில ஒப்பந்தம் எழுதப்பட்டது. தமையனார் அடிக்குங் கையினர். பொறாது, 1723-ஆம் ஆண்டு, தம் பதினேழாம் வயதில், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு பிராங்க்ளின் பிலடெல்பியா நகருக்கு ஓடிப்போனார். பின்னர் ஏறத்தாழ இரண்டாண்டு இலண்டன் அச்சுக்கூடங்களில் உழைத்து, 1726-இல் மீண்டார். 1728-இல் ஒரு கூட்டாளியோடு சொந்த அச்சுக்கூடம் வைத்தார். கூட்டாளியின் தந்தையார் தருவதாகச் சொன்ன பணம் வராமற்போய்க் கடன்கொடுத்தோர் நெருக்கியபொழுது, நண்பர் இருவர் தனித்தனியே வந்து, கேளாமலே உதவ முற்பட்டனர். அவ்விருவருள் ஒருவர் ராபர்ட் கிரேஸ். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

அறிவு பலர் கைப்பட்டு வளரும் என்பதனை அவர் எங்குக் கற்றார் என வினவின், ஜுண்டோ என்னும் சிறு கழகத்திற் கற்றார் எனலாம். 1727-இல் அவர் கூட்டிய அக்கழகத்தில் கண்ணாடி பதிப்போரும் செருப்புத் தைப்போரும் நிலமளப்போரும் தச்சருமாகிய எளியோர் வெள்ளிதோறும் மாலையிற் கூடித் தாந்தாம் அறிந்ததனைப் பிறர்க்குச் சொல்லி வந்தனர். அக்கழகத்தினர் தம் நூல்களை ஓரிடத்திற் சேர்த்து வைத்த முயற்சி நிலைபெறவில்லையெனினும், அதிலிருந்தே 1731-இல் உறுப்பினர் பணத்தால் நடக்கும் நூலகம் ஒன்று முளைத்தது. 1736-இல் தீயணைக்குங் குழுவொன்று அமைத்தார். 1743-இல் அமெரிக்கக் குடியேற்றங்களி லெல்லாமுள்ள அறிஞர் தங்கள் கண்டுபிடிப்புக்களைக் கடிதவாயிலாக ஒருவர்க்கொருவர் அறிவித்துக்கொள்ளும் சங்கம் வேண்டுமெனத் திட்டமொன்று அச்சிட்டுப் பரப்பினார். உழைப்பைக் குறைக்கும் புதிய இயந்திரங்கள் இன்னின்னவென்று தெரிவித்தலும் அச்சங்கத்தின் வேலைகளுள் ஒன்றாக அதிற் குறிக்கப்பட்டிருந்தது.

ஆயினும், அவர் எதனையும் மறைத்திலர் எனக் கூறின் அது வரலாறாகாது. ஒன்றனை நன்கு மறைத்தார். குடியேற்ற அரசுகளுக்குக் காகிதப் பணம் அச்சிட்டுக் கொடுக்கும் வேலை அவர்க்கிருந்தது. கள்ள நோட்டு அடிப்போர் தொல்லை மிகுதியாகவே, 1737-ஆம் ஆண்டளவில், உண்மையான மரவிலைகளின் உருவத்தை உலோகத்தில் வார்த்தெடுத்து நோட்டின்மேற் பதிக்கலானார். இலையின் நரம்பு ஓரிடத்துப் பருத்தும் ஓரிடத்து மெலிந்தும் ஓடுதலின், செதுக்குவோன் கை அதனைப் பின்பற்றல் அரிது. அவ்வார்ப்பு முறையை அவர் எங்கும் எழுதி வெளியிட்டிலர். திறந்துவைத்தால் ஊர்க்குப் பயன்படும் பொருளும் உண்டு. மூடிவைத்தாலன்றிப் பயன்படாத பொருளும் உண்டு என்னும் வேறுபாடு அவர்க்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பூட்டினை எல்லார்க்கும் பொதுவாக்குதலும் திறவுகோலைப் பொதுவாக்குதலும் ஒன்றாகாவன்றோ?

இனி, அடுப்பின் கதைக்கு வருவோம். வெம்மைக்கு ஒதுங்கும் நம்மனோர்க்குப் பிலடெல்பியாவின் பனிக்காலத்தை உணர்தல் அருமை. அந்நகர் வீடுகளில் சுவரைக் குடைந்தமைத்த பெருங்கணப்புக்களில் விறகு எரியும். வெப்பத்தின் பெரும்பகுதி புகையோடு புகைபோக்கியிலேறி வானத்திற்குப் போய்விடும். போகும் புகை அறையின் காற்றையும் உடனிழுத்துச் செல்ல, அவ்வெறுமையை நிரப்பக் கதவிடுக்குக்களின் வழியே பனிக்காற்றுப் பாயும். ஆதலின், தீயின்முன் அமர்ந்தார்க்கு முன்பக்கம் காய, முதுகு விறைத்துப்போகும். இதற்கிடையே விறகும் அருகிவந்தது. குடியேறியோர் முதலில் வீட்டு வாயிலிலே வெட்டிக்கொண்ட மரத்தைச் சில ஊர்களில் நூறு மைல் தொலைவிலிருந்தும் கொணர வேண்டியதாயிற்று. ஏழைக் குடும்பத்தின் செலவில் விறகு ஒரு பெரும்பகுதியை விழுங்கிற்று. ஆகவே பிராங்க்ளின் எடுத்துக்கொண்டது விளையாட்டுப் பொருளன்று. குளிரில் நடுங்கும் எளியோர் வீட்டின் தேவை.

1740-ஐ அடுத்த ஆண்டுகளில் அவர் அமைத்த பென்சில்வேனியக் கணப்பு வார்ப்பிரும்புத் தகடுகளாலாய பெட்டி. அது சுவர்க் கணப்பின் உள்ளே பொருத்தப்படும். முன்பக்கம் திறந்திருத்தலின் தீ கண்ணுக்குத் தெரியும். பெட்டியின் உள்ளே, தீக்குப் பின்னால், ஒடுங்கிய காற்றறை ஒன்று நிற்கும். தீயினின்றெழும் புகை அவ்வறையின் உச்சியைக் கடந்து, பின்புறமாகக் கீழிறங்கி, அடித்தளத்தின் கீழ் ஓடிப் பின்னரே புகைபோக்கியை யடையும். இங்ஙனம் ஏறியிறங்கும் வழியிற் றன் வெப்பத்தைத் தகடுகளிற் கொடுத்துவிடும். வெளியிலிருந்து கீழ்வழியாக வரும் தூய காற்று அக்காற்றறையினுள் தடுப்புக்களைச் சுற்றிச் சுற்றி யேறிச் சூடேறிப் பக்கத் துளைகளின் வழியே வீட்டினுட் புகும். புகையோடு கலவாத வெங்காற்று அறையெங்கும் பரவும் என்பது கருத்து.

இவ்வமைப்பு முழுதும் தம் மூளையிலேயே முளைத்ததென அவர் சொல்லிக்கொள்ளவில்லை. பிரான்சு நாட்டுக் கோஜே என்பார் 1713-இல் வெளியிட்ட நூலில், காற்றறைகளை யுடைய கணப்பொன்று சொல்லப்பட்டிருந்தது. அந்நூலை டெசாகுலியர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். பிராங்க்ளின் இதனை மறையாது எடுத்துரைத்து, அவ்வமைப்பின் நன்மை யாது, விலையும் சிக்கலும் எங்ஙனம் அதனை எளியோர்க்கு எட்டாததாக்கின என ஆராய்ந்து, அதன்பின்னரே தம்முடையதைக் கூறுகின்றார். பிறர் நூலில் நின்று தாம் மேலேறியதை ஒப்புக்கொண்டவர், தம் தோண்மீது பிறர் ஏறுவதை எங்ஙனந் தடுப்பார்?

1744-இல் அச்சிட்ட சிறுநூல் ஒன்றில் அவர் அவ்வடுப்பைப் பற்றிய யாவற்றையும் கூறினார். நாம் வியக்குமிடம் இந்நூலே. புகழ்மொழி கூறிப் பொருளை விற்கும் விளம்பரமாக மட்டும் அது நின்றுவிடவில்லை. காற்று வெப்பத்தால் விரிந்து மேலெழும் இயல்பை முதலில் விளக்குகின்றது. வழக்கிலிருந்த கணப்புக்களை வகைவகையாக எடுத்து அவற்றின் குறைநிறைகளைச் சொல்லுகின்றது. பிறகு அடித்தகடு, பின்தகடு, பக்கத்தகடுகள், காற்றறைத்தகடுகள், முன்தகடு, மேற்றகடு என ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டுகின்றது. லூயிஸ் எவான்ஸ் வரைந்து, பாஸ்டன் ஜேம்ஸ் டர்னர் செதுக்கிய படத்தில் அவ்வுறுப்புக்கள் எழுத்தடையாளங்களோடு தனித்தனியே காணப்படும். அடுப்பைப் பதிக்க வரும் கொத்தனார்க்குரிய குறிப்புக்களும் தனியே தரப்பட்டன. எந்த இடத்திற் செங்கல்லை நிறுத்துவது, எந்த இடுக்கைச் சாந்திட்டு அடைப்பது, புகைவழியை எத்துணை விடுவது என்றெல்லாம் வேலை செய்வான் கைக்கு எட்டுமாறு எழுதப்பட்டிருந்தது. கற்றோர் அவையிற் படிக்கும் ஆராய்ச்சியுரையும் கொல்லன் பட்டறையிற் றொங்கவிடும் குறிப்பும் ஒரே நூலிற் பொருந்தி நிற்றல் அரிய காட்சி.

தகடுகளை வார்த்தவர் நாம் முன்னர்க் கூறிய ராபர்ட் கிரேஸ். அவர்க்கு வார்ப்பு உலை ஒன்று இருந்தது. பிராங்க்ளின் அடுப்பின் மாதிரியை அவர்க்கு வெறுமையாகக் கொடுத்துவிட்டார். தகடுகள் நன்கு விலையாயின. கிரேஸ் ஆதாயமும் பெற்றார். இளமையிற் பெற்ற உதவிக்கு இது கைம்மாறாகவும் அமைந்தது. சிறுநூலைப் பரப்பியதும் நண்பர் வாணிகத்திற்குத் துணையாகவே. எனவே இதனை முற்றும் துறவியின் செயலாகக் கருதவேண்டுவதில்லை. வாணிகமும் ஈகையும் ஒன்றையொன்று அழியாமல் நிற்றல் கூடும் என்பதற்கு இது சான்றாகின்றது.

இந்நூலைக் கண்டு மகிழ்ந்த பென்சில்வேனிய ஆளுநர் ஜார்ஜ் தாமஸ், சில ஆண்டுகளுக்கு இவ்வடுப்பை விற்கும் தனியுரிமையைப் பிராங்க்ளினுக்கே பட்டயமாக வழங்க முன்வந்தார். இங்கிலாந்தில் 1624-ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிய கைத்தொழிற் படைப்புக்குப் பதினான்காண்டு வரை இத்தகைய உரிமை தரலாம். அவ்வுரிமை பெற்றவர் ஒப்புதலின்றி வேறெவரும் அப்பொருளைச் செய்தல் குற்றமாகும். வலிய வந்த அச்செல்வத்தைப் பிராங்க்ளின் மறுத்துவிட்டார். பிறர் கண்டுபிடித்த பொருள்களாற் பெரும்பயன் துய்த்துவரும் நாம், நாம் கண்டறிந்த ஒன்றாற் பிறர்க்குப் பயன்படும் வாய்ப்பை மகிழ்ச்சியோடும் தாராளமாகவும் ஏற்கவேண்டும் என்பது அவர் கொண்ட கொள்கை. அப்பொழுது அவர் செல்வம் நிறைந்து ஓய்ந்திருந்த பிரபுவல்லர் என்பதனையும் கருதுதல் வேண்டும். அச்சுக்கூடத்தில் நாடோறும் உழைத்துவந்த தொழிலாளர், தபால் வேலையும் பார்த்தவர், குடும்பத்தினர். தொழிலைக் கூட்டாளி டேவிட் ஹாலிடம் ஒப்புவித்து அவர் ஓய்ந்தது 1748-இலேதான்.

மறுத்ததன் விளைவு யாதாயிற்று? இலண்டன் இரும்பு வணிகர் ஒருவர் அச்சிறுநூலிற் கண்டவற்றுட் பலவற்றை எடுத்துக்கொண்டு, சிற்சில மாற்றி, தம் பெயரால் அங்கே தனியுரிமைப் பட்டயம் பெற்றுப் பொருளீட்டினார். அவர் செய்த மாற்றங்கள் அடுப்பின் செயலைக் கெடுத்தன என்பதே நகைப்பிற்குரியது. பிராங்க்ளின் வழக்காடவில்லை. பட்டயங்களை வைத்து ஆதாயம் தேடும் விருப்பமும் வழக்கில் இழுபடும் விருப்பமும் தமக்கில்லை என விட்டுவிட்டார். நமக்கோ, இவ்விடத்திற் சிறிது மனக்குறை யுண்டு. பொதுவில் விட்ட பொருளைத் தனியொருவர் வேலியிட்டுக் கொள்வதனைத் தடுக்க ஒரு வழி வேண்டுமன்றோ? பிராங்க்ளினிடம் அதற்கு விடையில்லை. இக்காலத்துத் திறந்த வடிவமைப்பாளர் தம் படங்களோடு உரிம முறி ஒன்றை இணைத்து, இதனைத் திருத்துவோர் தம் திருத்தத்தையும் இவ்வாறே திறந்துவைத்தல் வேண்டும் என விதித்தல், அவர் விடுத்த அக்குறையை நிரப்பக் கருதியே போலும்.

அடுப்பே குறையற்றதாகவும் இருந்ததில்லை. புகை கீழிறங்குதல் வேண்டுமாயின் தகடுகள் நன்கு சூடேறியிருத்தல் வேண்டும். தீ மெலிந்தால் இழுப்பு நின்று புகை அறைக்குள்ளே திரும்பும். கொத்தனார் குறிப்பினின்று சிறிது வழுவினும் அடுப்பு வேலை செய்யாது. ஆகவே வாங்கியோர் பலர் காற்றறையை அகற்றிவிட்டு, திறந்த இரும்புக் கணப்பாகவே அதனை வைத்துக்கொண்டனர். பின்னாளில் வானநூல் வல்லுநராகிய டேவிட் ரிட்டன்ஹவுஸ் முதலியோர் புகைவழியை எளிதாக்கித் திருத்தினர். இன்று பிராங்க்ளின் அடுப்பு என்னும் பெயரால் அறியப்படுவனவற்றுட் பல இங்ஙனம் திருந்திய வடிவங்களே. அவர் முதலிற் செய்த வடிவம் அன்று. பதினான்காண்டு தனியுரிமை இருந்திருப்பின் இத்திருத்தங்கள் உடனே தோன்றியிருக்குமோ என்பது ஐயமே. அவரும் சும்மா இருந்தாரில்லை. தன் புகையைத் தானே எரித்துக்கொள்ளும் வேறோர் அடுப்பை 1771-இல் இலண்டனில் அமைத்து, அதன் விவரத்தையும் முதுமையில் எழுதித் தாம் தலைமை வகித்த தத்துவ சங்கத்தின் ஏட்டில் வெளியிடச் செய்தார்.

அடுப்பினும் பெரும்பயன் விளைத்தது இடிதாங்கி. மின்னல் மின்சாரமே என்பதனைச் சோதித்தறியும் வழியை அவர் தம் இலண்டன் நண்பர் பீட்டர் காலின்சனுக்குக் கடிதங்களாக எழுதினார். 1751-இல் அவை நூலாயின. அந்நூலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைச் செய்த தலிபார் என்பார், பாரிசுக்கருகிலுள்ள மார்லி என்னும் சிற்றூரில் நீண்ட இரும்புக்கோல் ஒன்று நாட்டினார். 1752-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் முகில் கூடியபொழுது தலிபார் ஊரிலில்லை. காவலிருந்த பழம்படைவீரர் ஒருவரே ஓடிச்சென்று கோலினின்று தீப்பொறி வாங்கினார். பிராங்க்ளின் பட்டம் விட்டதாகச் சொல்லப்படுவது அடுத்த திங்களில். எழுதிவைத்ததைக் கண்டு எங்கோ ஓர் ஊரில் எவரோ ஒருவர் செய்து முடித்தல் கூடுமாயின், எழுதியவர் நன்றாக எழுதினார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? எனினும் விளையாட்டன்று அது. 1753-இல் ரஷ்யத் தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்கில் ரிக்மன் என்னும் பேராசிரியர் இத்தகைய சோதனையில் மின்னல் தாக்கி உயிர் நீத்தார்.

1753-ஆம் ஆண்டுக்குரிய தம் பஞ்சாங்கத்தில், உழவரும் கடைகாரரும் வாங்கும் அம்மலிவுப் புத்தகத்தில், பிராங்க்ளின் இடிதாங்கி அமைக்கும் முறையை எழுதிவிட்டார். ஆணி செய்வோர் பயன்படுத்தும் மெல்லிய இருப்புக்கோல் போதும். ஒருமுனை ஈரமண்ணில் மூன்று நான்கடி புதைதல் வேண்டும். மறுமுனை வீட்டின் உச்சிக்குமேல் ஆறெட்டடி உயர்தல் வேண்டும். அதன் நுனியில் பின்னலூசிப் பருமனுள்ள பித்தளைக் கம்பியைக் கூராக்கிச் செறித்தல் வேண்டும். சிறு கொக்கிகளாற் சுவரிற் பற்றுவித்தால் முடிந்தது. வீடு நீண்டதாயின் இருமுனையிலும் இரு கோல் நாட்டி, கூரைமுகட்டின்மேற் கம்பியோட்டி யிணைத்தல் வேண்டும். அவ்வளவே. எந்தக் கொல்லனும் ஒரு பகலிற் செய்துவிடுவான். அமைக்க உரிமைக் கட்டணமில்லை, எவரிடத்தும் கேட்கவேண்டுவதில்லை.

இடி தெய்வத்தின் கைப்படை. அதனைத் தடுத்தல் பாவம் எனக் கருதியோரும் அந்நாளில் இருந்தனர். பாஸ்டனில் 1755-இல் நிலநடுக்கம் நிகழ்ந்தபொழுது, அந்நகரில் நாட்டிய கோல்கள் மின்சாரத்தை நிலத்துட் சேர்த்ததே காரணமாகலாம் எனத் தாமஸ் பிரின்சு என்னும் குருவானவர் எழுதினார். மழைக்குக் கூரை வேய்தல் பாவமன்றாயின் இடிக்குக் கோல் நாட்டுதலும் பாவமன்று என்பதே நம் துணிபு.

கோலின் நுனி கூராயிருத்தல் வேண்டுமோ, உருண்டையாயிருத்தல் வேண்டுமோ என்னும் வழக்கு இதனினும் சுவையுடையது. இங்கிலாந்தில் பர்ப்ளீட் என்னுமிடத்து வெடிமருந்துக் கிடங்குகளைக் காக்க 1772-இல் ராயல் சங்கத்தார் அமைத்த குழுவில் பிராங்க்ளினும் காவெண்டிஷும் இருந்தனர். குழு கூர்முனையையே பரிந்துரைத்தது. பெஞ்சமின் வில்சன் என்பார் ஒருவர் மட்டும் உடன்படவில்லை. 1777-இல் அவ்விடத்துக் கட்டடமொன்றில் இடிவிழுந்து சிறு சேதம் நேரவே, வில்சன் தம் கட்சியை ஓங்கி முழக்கினார். அப்பொழுது அமெரிக்கா இங்கிலாந்தோடு போர்புரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தம் அரண்மனைக் கோல்களின் கூர்முனைகளை நீக்கி உருண்டை வைக்கச் செய்தார். கோலின் நுனியும் அரசியலாயிற்று! பிராங்க்ளின் மறுப்பெழுத மறுத்தார். தம் கருத்து உண்மையாயின் அநுபவம் அதனைத் தாங்கும், பொய்யாயின் அது வீழ்தலே தகும் என்பது அவர் மனநிலை. இருநூறாண்டு கடந்தபின் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மலையுச்சியில் ஏழாண்டு நடந்த சோதனையின் முடிவு 2000-இல் வெளிவந்தது. கூர்முனைக் கோல்களிலும் ஓரளவு மழுங்கிய முனையுள்ளவையே மின்னலை நன்கு ஏற்றன என்று அது தெரிவித்தது. பிராங்க்ளின் இருந்திருப்பின் இதனைத் தம் பஞ்சாங்கத்தின் அடுத்த ஆண்டுப் பதிப்பிற் சேர்த்திருப்பார் என்றே நாம் எண்ணுகின்றோம்.

ஏனைய படைப்புக்களை விரைந்து கூறுவோம். பிலடெல்பியாத் தெருவிளக்குக்கு இலண்டனினின்று வந்த உருண்டைக் கண்ணாடி, கீழிருந்து காற்றுப் புகாமையாற் புகைபடிந்து விரைவில் மங்கிற்று. உடைந்தால் முழுதும் மாற்றவேண்டும். பிராங்க்ளின் நான்கு தட்டைக் கண்ணாடிகளைச் சேர்த்து, மேலே புகைக்குழலும் கீழே காற்றுவழியும் வைத்தார். ஒன்று உடைந்தால் ஒன்றை மாற்றினாற் போதும். தெருவுக்கு விளக்கிடும் எண்ணத்தைத் தமக்கு ஊட்டியவர் தம் வாயிலில் முதலில் விளக்கு வைத்த ஜான் கிளிப்டன் என்பாரே என்று எழுதிவைத்தார். 1761-இல் சமைத்த கண்ணாடி இசைக்கருவியின் விவரத்தை மறு ஆண்டே இத்தாலியப் பேராசிரியர் பெக்காரியாவுக்கு எழுதினார். முப்பத்தேழு கிண்ணங்கள்; பெரியது ஒன்பது அங்குலம், சிறியது மூன்றங்குலம்; எங்ஙனம் தேய்த்துச் சுருதி கூட்டுவது, எங்ஙனம் இருப்புக்கோலிற் கோப்பது என யாவும் அதில் உண்டு. மோசார்ட்டும் பேதோவனும் அக்கருவிக்கு இசையமைத்தனர். அண்மையும் சேய்மையும் ஒருங்கே காட்டும் மூக்குக்கண்ணாடியையும் 1785-இல் ஒரு நண்பர்க்குப் படம் வரைந்து விளக்கினார். எதற்கும் பட்டயம் பெற்றிலர்.

கொடை மிக்க இவ்வாழ்வில் ஒரு கறையுண்டு. அதனைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. மனிதரை அடிமையாக வைத்திருந்தவர் அவர். அடிமைகளை விற்கும் விளம்பரங்கள் அவர் பத்திரிகையிற் காசுக்கு அச்சேறின. எளியோர்க்கு அடுப்பைத் திறந்துவைத்த கையே அதனையும் செய்தது. முதுமையில் மனந்திரும்பினார். 1787-இல் பென்சில்வேனிய அடிமையொழிப்புச் சங்கத்திற்குத் தலைவரானார். 1790 பெப்ரவரியில், அடிமைமுறையை ஒழிக்கவேண்டி அமெரிக்கப் பேரவைக்குச் சென்ற விண்ணப்பத்திற் கையொப்பமிட்டார். பேரவை அதனை ஏற்றிலது.

1787-இல் வகுத்த அரசியலமைப்பில் படைப்பாளர்க்குக் குறித்த காலத் தனியுரிமை வழங்கும் அதிகாரம் பேரவைக்குத் தரப்பட்டது. அம்மகாசபையில் மூத்தவராக அமர்ந்திருந்தவர் பிராங்க்ளின். அவ்வரசியலமைப்பிற்குக் கையொப்பமும் இட்டார். அதன்வழி வந்த முதற் காப்புரிமைச் சட்டம் 1790 ஏப்பிரல் 10-ஆம் நாள் நிறைவேறிற்று. ஏழு நாட் கழித்து, ஏப்பிரல் 17-ஆம் நாள், தம் எண்பத்துநான்காம் வயதில், அவர் பிலடெல்பியாவில் இறந்தார். பிறர் உரிமை பெறுவதை அவர் தடுத்ததாக யாண்டும் காணப்படவில்லை. தாம் பெறாமை ஒன்றே அவர் மேற்கொண்ட நெறி.

இறக்குமுன் எழுதிய மரண சாசனத்தின் இணைப்பில் பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தனித்தனி ஆயிரம் பவுன் வைத்தார். மாநிலத் தலைவராயிருந்தபொழுது பெற்ற சம்பளத்தினின்று வந்த தொகை அது; பொதுப்பணிக்குச் சம்பளம் ஆகாதென்பது அவர் கோட்பாடு. தொழில்பயின்று முடித்த, இருபத்தைந்து வயதிற்குட்பட்ட, மணமான கைத்தொழிலாளர் பட்டறை வைக்க அப்பணத்தை நூற்றுக்கு ஐந்து வட்டியிற் கடனாகக் கொடுக்கவேண்டும். நன்னடக்கைக்கு இருவர் பிணை நிற்கவேண்டும். இளமையில் தமக்குக் கிரேஸ் போன்றார் உதவியதை நினைந்தே இவ்வாறு வகுத்தாராதல் வேண்டும். இருநூறாண்டு அப்பணம் வளர்தல் வேண்டுமெனக் கணக்கும் போட்டுவைத்தார். தொழில் பயிலும் பழைய முறை மறைந்தமையால் கடன் கேட்போர் நாளடைவிற் குறைந்தனர். அவர் கணித்த தொகையும் முழுதும் சேரவில்லை. ஆயினும் நூறாண்டு நிறைந்தபின் பாஸ்டன் பங்கினின்று எடுத்த பணத்தோடு வேறு கொடையும் சேர்த்து, தொழிலாளர்க்குரிய தொழிற்கல்விக் கழகம் ஒன்று அந்நகரில் எழுப்பப்பட்டது. அது 1908-இல் திறக்கப்பட்டு, இன்றும் அவர் பெயர் தாங்கி நடந்து வருகின்றது.